நாய்க்கு உண்ணி, தெள்ளு: நாயையும் வீட்டையும் சேர்த்துக் காப்பாற்றும் வழி

நாயின் காதைத் திருப்பிப் பார்த்து நாலைந்து உண்ணியைப் பிடுங்கிப் போட்டால் வேலை முடிந்தது என்று புதிதாக நாய் வளர்ப்பவர்கள் நினைக்கிறார்கள். அடுத்த வாரமே அதே காதில் மறுபடியும் உண்ணி இருக்கும். பிடுங்கியது வீண் இல்லை. ஆனால் நாயின் மேல் நம் கண்ணில் படுவது கொஞ்சம்தான். மிச்சம் எல்லாம் வீட்டில் இருக்கிறது: சுவர் விரிசலில், கதவு நிலைக்குப் பின்னால், நாய் படுக்கிற சாக்கின் மடிப்பில், முட்டையாகவும் குஞ்சாகவும். அதனால் இரண்டு விஷயத்தை ஆரம்பத்திலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாய்க்கும் வீட்டுக்கும் ஒரே நாளில் வேலையைத் தொடங்க வேண்டும். உண்ணி கண்ணில் படவில்லை என்பதற்காக மூன்று நான்கு மாதத்துக்கு முன் நிறுத்தக் கூடாது. இந்த இரண்டில் ஒன்றை விட்டால்கூட, எவ்வளவு விலை உயர்ந்த மருந்து வாங்கினாலும் உண்ணி திரும்பி வரும்.

வந்திருப்பது உண்ணியா, தெள்ளா?

இரண்டும் வேறு வேறு உயிர். வைத்தியத்தில் பாதி பொது என்றாலும் மீதி மாறும்.

வளர்ந்த உண்ணிக்கு எட்டுக் கால். மெதுவாக ஊரும், குதிக்காது. தோலில் வாயைப் புதைத்து ஒரே இடத்தில் நாள்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். ரத்தம் குடிக்காதது சுமார் 3 மில்லிமீட்டர் நீளத்தில், தட்டையாக, செம்பழுப்பாக இருக்கும். வயிறு நிறையக் குடித்த பெண் உண்ணி ஆமணக்கு விதை மாதிரி ஊதி, சாம்பல் நிறத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு வந்துவிடும். புதிதாக நாய் வளர்ப்பவர்கள் பலர் இதை மரு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். குனிந்து பார்த்தால் தோலோடு சேரும் இடத்தில் சின்னக் கால்கள் தெரியும்.

காதின் உள்மடல், கழுத்துப் பட்டைக்கு அடியில், கால் விரல் இடுக்கு, அக்குள், தொடை இடுக்கு, வாலுக்கு அடியில் என்று மறைவான இடங்களில்தான் உண்ணி உட்காரும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி போன்ற குட்டை முடி நாய்களில் கையால் தடவினாலே தட்டுப்படும். கோல்டன் ரெட்ரீவர், ஷிட்சூ, பொமரேனியன் வைத்திருப்பவர்கள் முடியை எதிர்ப்பக்கமாக விலக்கி விலக்கிப் பார்க்க வேண்டும்.

தெள்ளுக்கு ஆறு கால். பக்கவாட்டில் நசுங்கின உடம்பு, 2, 3 மில்லிமீட்டர் இருக்கும், கண் இமைப்பதற்குள் குதித்துவிடும். அதனால் தெள்ளைப் பார்ப்பதைவிட அதன் எச்சத்தைப் பார்ப்பது சுலபம். வாலுக்கு மேலே இடுப்புப் பக்கத்தில் பேன் சீப்பால் வாருங்கள். கரும்புள்ளியாகத் தூள் வரும். அதை ஈரமான வெள்ளைத் துணியில் உதறி ஒரு நிமிடம் விடுங்கள். புள்ளியைச் சுற்றிச் செம்பழுப்பு நிறம் கசிந்தால் அது மண் இல்லை, தெள்ளு கழித்த ரத்தம். ஒரு தெள்ளுகூடக் கண்ணில் படாவிட்டாலும் இது போதும், வீட்டில் தெள்ளு இருக்கிறது.

நாய் தன் இடுப்பையும் வால் அடியையும் விடாமல் கடித்துக்கொண்டு, அங்கே முடி கொட்டிப் புண்ணாகியிருந்தால் தெள்ளு ஒவ்வாமையாக இருக்கலாம். தெள்ளின் எச்சில் ஒத்துக்கொள்ளாத நாய்க்கு ஒன்றிரண்டு கடியே போதும், நாள்கணக்கில் சொறியும். நாயின் மலத்திலோ ஆசனவாய் ஓரத்திலோ அரிசி மாதிரி வெள்ளையாக ஏதாவது நெளிந்தால் அது நாடாப்புழுவின் துண்டு. தெள்ளை நாய் கடித்து விழுங்கும்போது இந்தப் புழு உள்ளே போகிறது. அப்போது தெள்ளு மருந்தோடு குடற்புழு மருந்தும் வேண்டும்.

எடை, வயது, பழைய நோய்

கடைக்கு ஓடும் முன் நாயின் எடையைப் பாருங்கள். உண்ணி மருந்து எல்லாமே எடைக் கணக்கில்தான் வருகிறது. நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் நின்று, பிறகு தனியாக நின்று, கழித்துக்கொள்ளலாம். பெரிய நாய் என்றால் கிளினிக்கில் பார்க்கலாம். 18 கிலோ நாய்க்கு 10 கிலோ மருந்தைப் போட்டால் உண்ணி சாகாது. 6 கிலோ நாய்க்கு 20 கிலோ மருந்தைப் போட்டால் நாய்க்கு ஆபத்து. பெரிய மாத்திரையை வாங்கி இரண்டாக உடைத்து இரண்டு குட்டிகளுக்குக் கொடுப்பதும் சரியில்லை. மருந்து மாத்திரை முழுக்கச் சமமாகப் பரவியிருக்கும் என்று சொல்ல முடியாது.

மருத்துவரிடம் நீங்களே சொல்ல வேண்டியவை சில உண்டு: நாயின் வயது, இதற்கு முன் வலிப்பு வந்திருக்கிறதா, கர்ப்பமா, பால் கொடுக்கிறதா, வீட்டில் பூனை இருக்கிறதா. அவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். தனியார் கிளினிக் செலவு கட்டாது என்றால் அரசு கால்நடை மருந்தகம் பெரும்பாலான ஊர்களில் இருக்கிறது. சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, வெளியூரில் நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கல்லூரிகள் என்று அனுபவமுள்ள இடங்கள் இருக்கின்றன. கூட்டம் இருக்கும், காலையிலேயே போவது நல்லது.

கையால் எடுப்பது

மருந்து வேலை செய்யத் தொடங்கும்வரை காத்திருக்காமல், தெரிகிற உண்ணியை அன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஒரு கையுறை, மருந்துக்கடையில் கிடைக்கும் கூர்முனை டுவீசர், ஒரு சின்னக் கிண்ணத்தில் சோப்புத் தண்ணீரோ ஸ்பிரிட்டோ, இவ்வளவு போதும்.

முடியை விலக்கி, டுவீசரை உண்ணியின் வயிற்றில் இல்லாமல், தோலை ஒட்டி அதன் தலைப்பக்கம் பிடியுங்கள். முறுக்காமல், வெடுக்கென்று இழுக்காமல், நேராக மேலே சீராக இழுத்தால் விட்டுக்கொடுக்கும். எடுத்ததைக் கிண்ணத்தில் போடுங்கள். வாய்த்துண்டு தோலில் தங்கிவிட்டால் குத்திக் கிளற வேண்டாம். கடித்த இடத்தில் கிருமிநாசினி தடவினால் போதும், சில நாளில் தானே வெளியே வந்துவிடும். சின்ன வீக்கம் ஒன்று இருக்கும், அதுவும் வடிந்துவிடும்.

உண்ணியை விரலால் நசுக்கக் கூடாது. தரையில் போட்டுச் செருப்பால் தேய்க்கவும் கூடாது. நாய் உண்ணி மனிதனை அரிதாகத்தான் கடிக்கும் என்றாலும், அதன் உடம்புத் திரவத்தில் மனிதருக்கும் காய்ச்சல் கொண்டுவரும் கிருமி இருக்கலாம். விரல் நகத்தில் பட்டு, கண்ணில் தேய்த்தால் வம்பு. அதே போல, உண்ணி மேல் தீக்குச்சி வைப்பது, வாஸ்லின் பூசுவது, மண்ணெண்ணெய் விடுவது எதுவும் வேண்டாம். உண்ணி திணறி, வயிற்றில் இருப்பதைக் கடித்த புண்ணுக்குள்ளேயே கக்கிவிடும். நோய் இறங்கும் வாய்ப்பு அதிகமாகிறது.

தெள்ளுக்குக் குளியல் உடனடி நிவாரணம். குளிப்பாட்டும்போது முதலில் கழுத்தைச் சுற்றி நுரை வளையம் போட்டுவிடுங்கள். தண்ணீர் பட்டதும் தெள்ளு எல்லாம் முகத்துக்கும் காதுக்கும் ஓடும், வளையம் அதைத் தடுக்கும். நுரையை ஐந்து பத்து நிமிடம் விட்டு, பேன் சீப்பால் வாரி, சீப்பைச் சோப்புத் தண்ணீரில் முக்கி முக்கி எடுங்கள். ஆனால் குளியலும் ஷாம்பும் அன்றைக்கு உடம்பில் இருப்பதைத்தான் கழுவும். நாளைக்கு ஏறுவதைத் தடுக்காது. வாரம் இரண்டு முறை உண்ணி ஷாம்பு போட்டும் போகவில்லை என்று வருத்தப்படுபவர்கள் நிறையப் பேர். அந்தக் காசை மருந்தில் போட்டிருக்கலாம்.

எந்த மருந்து?

இன்றைக்கு என் முதல் தேர்வு வாயில் கொடுக்கும் மாத்திரை. அஃபோக்சோலேனர், சரோலேனர், ஃப்ளூராலேனர் என்று மூன்று மருந்துகள் நம் ஊர்க் கடைகளில் கிடைக்கின்றன. நெக்ஸ்கார்ட், சிம்பேரிகா, பிராவெக்டோ என்ற பெயர்களில் கேட்டிருப்பீர்கள். முதல் இரண்டும் மாதம் ஒரு தடவை. மூன்றாவது சுமார் 12 வாரம் நிற்கும், அதைச் சாப்பாட்டோடு கொடுத்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். மூன்றும் தெள்ளையும் உண்ணியையும் சேர்த்தே கொல்லும். குளிப்பாட்டினாலும் மழையில் நனைந்தாலும் பலம் குறையாது.

விலைதான் பிரச்சினை. சின்ன நாய்க்குச் சில நூறு ரூபாயில் தொடங்கி, 12 வார மாத்திரை ஆயிரத்தைத் தாண்டிவிடும். ஆனால் உண்ணிக் காய்ச்சல் வந்து ரத்தப் பரிசோதனை, டிரிப், ஊசி என்று ஆகும் செலவை ஒருமுறை பார்த்தவர்களுக்கு இந்த விலை பெரிதாகத் தெரியாது.

இந்த மாத்திரை நாயின் ரத்தத்தில் இருந்துகொண்டு வேலை செய்கிறது. உண்ணி கடித்து ரத்தத்தை உறிஞ்சினால்தான் சாகும். அதனால் மாத்திரை கொடுத்த மறுநாளும் நாயின் மேல் உண்ணி ஊர்வதைப் பார்ப்பீர்கள். மருந்து போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஏறின உண்ணி ஒன்றிரண்டு நாளில் காய்ந்து உதிரும். உண்மையில் இதுதான் நமக்குச் சாதகம். வீட்டில் ஒளிந்திருக்கும் உண்ணி எல்லாம் பசியோடு நாயைத் தேடி வரும், வந்து கடித்துச் சாகும், முட்டையிடத் திரும்பிப் போகாது. அதற்காகத்தான் உண்ணி இருக்கிற வீட்டில் இருந்து நாயைத் துரத்தாமல், மருந்து போட்ட நாயை வழக்கம் போல அதே இடத்தில் உலவவிடச் சொல்கிறேன்.

வலிப்பு வந்த நாய்க்கு இந்த வகை மாத்திரை யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். அமெரிக்க உணவு மருந்துத் துறையே 2018-ல் இந்த வகை மருந்துகளால் சில நாய்களுக்கு நடுக்கமும் வலிப்பும் வரலாம் என்று எச்சரித்தது. பெரும்பாலான நாய்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனாலும் வலிப்பு இருந்ததை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

அடுத்தது முதுகில் விடும் சொட்டு மருந்து. ஃபிப்ரோனில் உள்ள ஃப்ரண்ட்லைன் போன்றவை. இதை முடி மேல் ஊற்றினால் பயன் இல்லை. தோள்பட்டைகளுக்கு நடுவில், நாய் நக்க முடியாத இடத்தில் முடியைப் பிரித்துத் தோல் மேல் விட வேண்டும். போடுவதற்கு இரண்டு நாள் முன்னும் இரண்டு நாள் பின்னும் குளிப்பாட்ட வேண்டாம். தோலின் எண்ணெயோடு சேர்ந்துதான் அது உடம்பு முழுக்கப் பரவும்.

கழுத்துப் பட்டையில் டெல்டாமெத்ரினோ ஃப்ளூமெத்ரினோ உள்ள நல்ல பட்டை என்றால் மாதக்கணக்கில் வேலை செய்யும். உண்ணி கடிப்பதற்கு முன்பே விரட்டும் குணமும் அதற்கு உண்டு. வாசனை மட்டும் வரும் மலிவுப் பட்டைகளை வாங்க வேண்டாம். வாங்கும்போது உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

அமிட்ராஸ் கலந்த குளியல் மருந்து நம் ஊரில் ரொம்பக் காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது, விலையும் குறைவு. சரியான அளவில் கலந்தால் உண்ணியைக் கொல்லும். ஆனால் மூடியால் அளந்து குத்துமதிப்பாகக் கலப்பவர்கள்தான் அதிகம். அளவு கூடினாலோ நாய் நக்கினாலோ தள்ளாட்டம், மயக்கம், நாடித்துடிப்புக் குறைவு வரும். குட்டிகளுக்கும் சர்க்கரை நோய் உள்ள நாய்க்கும் இது கூடாது. மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவு, கையுறை, காற்றோட்டமான இடம், காயும்வரை நக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு, இவ்வளவும் முடியும் என்றால் மட்டும் செய்யுங்கள். மாட்டுக்கு வாங்கி வைத்த உண்ணி மருந்தை நாய்க்கு ஊற்றுவது கிராமங்களில் அடிக்கடி நடக்கிறது. அது வேண்டவே வேண்டாம். ஐவர்மெக்டின் ஊசியைக் கேட்டு வாங்கிப் போடுவதும் அப்படித்தான். கோலி வகை நாய்களுக்கு அது மூளையைத் தாக்கி உயிரையே எடுக்கலாம்.

வீட்டில் பூனை இருந்தால் ஒரு விதி: பெர்மெத்ரின் உள்ள நாய் மருந்து எதுவும் வீட்டுக்குள் வரக் கூடாது. பூனையின் உடம்பால் அதை முறிக்க முடியாது. நாயை உரசிப் படுத்தால்கூட நடுக்கம் எடுத்துச் சாகலாம். பூனைக்கும் தெள்ளு மருந்து வேண்டும், ஆனால் பூனைக்கென்று விற்பது.

பிறந்து எட்டு வாரம் ஆகாத குட்டிகளுக்கு மேலே சொன்ன மாத்திரைகள் எதுவும் ஒத்துவராது. பேன் சீப்பு, டுவீசர், இளஞ்சூடான தண்ணீரில் குளியல், பிறகு உடனே ஈரம் துவட்டிக் கதகதப்பு. குட்டிக்கு ஏற்ற ஃபிப்ரோனில் ஸ்ப்ரே உண்டு, மருத்துவரைக் கேட்டுப் போடலாம். உண்ணி மொய்த்த குட்டிக்கு ஈறு வெளுத்திருந்தால் தாமதிக்காதீர்கள். அதன் சின்ன உடம்பில் இருக்கும் ரத்தம் கொஞ்சம்தான், உண்ணியே அதைக் குடித்துத் தீர்த்துவிடும்.

வீடு: பாதி வேலை இங்கேதான்

நம் ஊரில் நாய் மேல் வருவது பெரும்பாலும் பழுப்பு நாய் உண்ணி. காட்டுக்கோ புல்வெளிக்கோ போகாத நாய்க்கும், நாலாவது மாடி ஃபிளாட் நாய்க்கும் உண்ணி வருவது எப்படி என்று கேட்கிறார்கள். இந்த உண்ணிக்கு வீடே போதும். வயிறு நிறைந்த பெண் உண்ணி நாயிலிருந்து கீழே விழுந்து, சுவரைப் பிடித்து மேலே ஏறி, ஏதாவது விரிசலுக்குள் போய் ஆயிரக்கணக்கில், சில சமயம் நாலாயிரம்வரை முட்டையிட்டுச் செத்துப்போகும். நம் வெயிலுக்கு இரண்டு மூன்று வாரத்தில் முட்டை பொரியும். ஆறு கால் குஞ்சு நாயில் ஏறிக் குடித்து இறங்கும், தோல் உரித்து எட்டுக் காலோடு மறுபடி ஏறும், இறங்கும், மறுபடி தோல் உரித்துப் பெரிய உண்ணியாகி மூன்றாவது முறை ஏறும். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் ஒளிவது உங்கள் வீட்டில்தான். நாய் கிடைக்காவிட்டாலும் வளர்ந்த உண்ணி ஒரு வருடத்துக்கும் மேல் பட்டினி கிடக்கும். அதனால்தான் நாய் இருந்த பழைய வீட்டுக்குக் குடிபோனவர்கள், நாயே இல்லாமல் சுவரில் உண்ணியைப் பார்க்கிறார்கள்.

உண்ணி மேலே ஏறும் பழக்கத்தை மறக்காதீர்கள். தரையை எத்தனை தடவை துடைத்தாலும், அது இருப்பது உங்கள் கண் மட்டத்துக்கும் மேலே. டார்ச் எடுத்துக்கொண்டு இரவில் பாருங்கள். கதவு, ஜன்னல் நிலைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கு, சுவிட்ச் பாக்ஸ் ஓரம், காலண்டருக்கும் படத்துக்கும் பின்பக்கம், திரைச்சீலையின் மேல் மடிப்பு, கூரையும் சுவரும் சேரும் மூலை, நாய்க் கூண்டின் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இடுக்கு, ஓட்டு வீடு என்றால் சட்டங்களின் பொருத்து. வெளியே காம்பவுண்டுச் சுவரின் பூச்சு உதிர்ந்த இடங்கள்.

கண்டுபிடித்ததும் செய்ய வேண்டிய வேலை: கண்ணில் படுவதை ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுத்து மடித்துப் போடுங்கள். பிறகு விரிசலை வெள்ளை சிமெண்டோ வால் புட்டியோ வைத்து அடைத்துவிடுங்கள். மருந்தடிப்பதைவிட இது நிரந்தரம், ஒளிய இடம் இல்லாமல் போய்விடும். நாய்க் கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடித்தால் சின்ன இடுக்குகளும் மூடிக்கொள்ளும். கொட்டகையில் கிடக்கும் பழைய சாக்கு, தென்னை நார்ப் பாய், அட்டைப் பெட்டி எல்லாவற்றையும் எரித்துவிடுங்கள் அல்லது கட்டி வெளியேற்றுங்கள். அதற்குப் பதில் துவைத்து வெயிலில் போடக்கூடிய பருத்தித் துணி போதும்.

படுக்கைத் துணியை வாரம் ஒரு முறையாவது கொதிக்கிற அளவுக்குச் சூடான தண்ணீரில் ஊறவைத்துத் துவைத்து, நல்ல வெயிலில் காயப் போடுங்கள். தெள்ளுக்கு இது முக்கியம். பெண் தெள்ளு ஒரு நாளைக்கு 40, 50 முட்டைவரை இடும். முட்டை வழுக்கி விழுந்து, நாய் எங்கே அதிக நேரம் படுக்கிறதோ அங்கே குவியும். அதிலிருந்து பொரியும் புழு வெளிச்சம் படாத இடத்துக்கு நகர்ந்து, சோபா அடியிலும் பாயின் கீழும் வளரும். ஈரப்பதம் இருந்தால்தான் வளர முடியும் என்பதால் சென்னை, கடலூர், நாகை போன்ற கடலோர ஊர்களில் தெள்ளுக்கு வருடம் முழுக்கக் கொண்டாட்டம். நம் வீடுகளில் கார்ப்பெட் இல்லாதது நல்லது. சோபா, மெத்தை, கால்மிதியைக் கவனித்தாலே பெரும்பகுதி முடிந்தது.

வேக்குவம் கிளீனர் இருந்தால் தினமும் ஓட்டுங்கள், பையை அன்றைக்கே கட்டி வெளியே போடுங்கள். இல்லாவிட்டால் துடைப்பமும் ஈரத்துணியும் போதும், மூலை முடுக்கை விடக் கூடாது, அவ்வளவுதான். தெள்ளின் கூட்டுப்புழு ஒட்டும் நூலில் தூசியைப் பூசிக்கொண்டு கிடக்கும். எந்த மருந்தும் அதற்குள் போகாது. அதிர்வும் உடம்புச் சூடும் பட்டால்தான் வெளியே வரும். பெருக்குவதே அதைக் கிளப்பி மருந்து போட்ட நாயிடம் அனுப்பும் என்பதால், தினமும் பெருக்குவது மருந்தடிப்பதற்குச் சமமான வேலை.

இத்தனைக்கும் பிறகு தேவைப்பட்டால் பெஸ்ட் கன்ட்ரோல்காரர்களைக் கூப்பிடலாம். டெல்டாமெத்ரின் போன்ற மருந்தைச் சுவர் இடுக்குகளுக்கு அடிக்கச் சொல்லுங்கள். தெள்ளு என்றால் முட்டையும் புழுவும் வளராமல் தடுக்கும் பைரிப்ராக்சிஃபென் கலந்து அடிக்க முடியுமா என்று கேளுங்கள். நாய், பூனை, குழந்தைகளை வெளியே அனுப்பி, தரை நன்றாகக் காய்ந்து ஜன்னல் திறந்து காற்று வந்த பிறகே உள்ளே விட வேண்டும். மீன் தொட்டியை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். மூடி வைத்தால் மட்டும் போதாது, மோட்டார் காற்றை உள்ளே இழுக்கும். ஒரு தடவை அடித்தால் முட்டைக்குள் இருப்பது தப்பிவிடும். இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடியும் அடிக்கத் திட்டமிடுங்கள்.

கைவைத்தியம் பற்றி

வேப்பிலைத் தண்ணீரிலோ மஞ்சள் போட்டோ குளிப்பாட்டுவதில் கெடுதல் இல்லை, தோலுக்கு இதமாக இருக்கும். அதை நம்பி மருந்தை நிறுத்தினால்தான் தப்பு. சுவரில் முட்டையிடும் உண்ணியை வேப்பிலை ஒன்றும் செய்யாது. ஆனால் பினாயில் கலந்த தண்ணீர், மண்ணெண்ணெய், டெட்டால், எறும்புச் சாக்பீஸைப் பொடித்துத் தேய்ப்பது, படுக்கையில் அந்துருண்டை போடுவது, இவை எல்லாம் நாய்க்கு நஞ்சு. தோல் வழியாகவும் நக்குவதாலும் உள்ளே போய், தோல் வெந்து, கல்லீரல் கெட்டு நாய் செத்திருக்கிறது. பூண்டு கொடுத்தால் உண்ணி வராது என்பதும் பொய். பூண்டும் வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும்.

முடி அதிகம் இருப்பதால்தான் உண்ணி என்று மொட்டை அடிப்பவர்களும் உண்டு. தேட வசதியாக இருக்கும், அவ்வளவுதான். கோல்டன், ஹஸ்கி போன்ற இரட்டை முடி நாய்களுக்கு வெயிலிலிருந்து காப்பே அந்த முடி, அதை எடுக்காதீர்கள்.

முதல் மாதம், இரண்டாவது மாதம்

முதல் வாரம் செத்த உண்ணியும் தெள்ளும் நிறைய உதிரும். இரண்டு மூன்று வாரத்தில் புதிதாகப் பொரிந்த குஞ்சுகளைப் பார்ப்பீர்கள். சிலருக்கு அப்போது முன்னைவிட அதிகமாகத் தெரியும். பெரும்பாலானோர் மருந்தை மாற்றுவதோ விடுவதோ இந்தக் கட்டத்தில்தான். மாற்ற வேண்டாம், அடுத்த டோஸ் நாளைக் காலண்டரில் குறித்து அதே நாளில் கொடுங்கள். தள்ளிப்போடும் பத்து நாளில் ஒரு பெண் உண்ணி ரத்தம் குடித்து இறங்கிப் போய் முட்டையிடும், அவ்வளவு நாள் பட்ட பாடு பழையபடி ஆகிவிடும். உண்ணி கண்ணில் படுவது குறைந்த பிறகும் இரண்டு மூன்று டோஸ் கண்டிப்பாகப் போட வேண்டும். வீட்டில் இரண்டு நாய் இருந்தால் இரண்டுக்கும் ஒரே நாளில். தமிழ்நாட்டில் குளிர்காலத்தில் உண்ணி ஓய்ந்துவிடும் என்பது கிடையாது, மருத்துவர் சொன்னால் வருடம் முழுக்கத் தொடருங்கள்.

காய்ச்சல் வந்தால்

உண்ணி வெறும் அரிப்பு விஷயமாக இருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. பழுப்பு நாய் உண்ணி எர்லிக்கியா, பேபீசியா போன்ற ரத்தக் கிருமிகளை நாய்க்கு ஏற்றிவிடுகிறது. கடித்துச் சில மணி நேரத்திலேயே கிருமி இறங்கலாம், அதனால் மாத்திரை போட்ட நாய்க்கும் அபாயம் முழுவதும் தீர்வதில்லை. கடித்து ஒன்று முதல் மூன்று வாரத்தில் எர்லிக்கியா காய்ச்சல் தொடங்கும். நாய் சாப்பாட்டை முகர்ந்துவிட்டு நகரும், சோர்ந்து படுக்கும், காது சுடும். நாயின் இயல்பான சூடே நம்மைவிட அதிகம், 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட்வரை. தெர்மாமீட்டர் 103-க்கு மேல் காட்டினால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

ஈறை உயர்த்திப் பாருங்கள். வெளிர் இளஞ்சிவப்பு இயல்பு. வெள்ளையாக இருந்தால் ரத்தம் குறைந்திருக்கிறது. வயிற்றின் முடியில்லாத தோலில் சிவப்பு ஊதாப் புள்ளிகள், மூக்கில் ரத்தம், காபி நிறத்தில் சிறுநீர், கண் மஞ்சள், இவற்றில் எது வந்தாலும் இரவானாலும் காத்திருக்கக் கூடாது. மூக்கில் ரத்தம் வருவது வெயில் சூட்டினால் என்று மோர் ஊற்றிக் காத்திருந்த வீடுகளில் நாயை இழந்திருக்கிறார்கள். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு குறைவதால் வரும் ரத்தம் அது.

மருத்துவர் ரத்தம் எடுத்துத் தட்டணு எண்ணிக்கையும் கிருமிச் சோதனையும் பார்ப்பார். எர்லிக்கியாவுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரையைப் பொதுவாக நாலு வாரம் கொடுப்பார்கள். இரண்டு மூன்று நாளிலேயே நாய் துள்ளி எழுந்து சாப்பிடும். குணமாகிவிட்டது என்று பாதியில் நிறுத்தினால் கிருமி உள்ளே தங்கி, மாதங்களோ வருடங்களோ கழித்து எலும்பு மஜ்ஜையைத் தாக்கித் திரும்பும், அப்போது காப்பாற்றுவது கடினம். மாத்திரையைச் சாப்பாட்டோடு கொடுத்து, மேலே தண்ணீர் குடிக்க வையுங்கள், இல்லாவிட்டால் தொண்டையில் புண்ணாகும். பேபீசியாவுக்கு மருந்து வேறு, அதனால் பக்கத்து வீட்டு நாய்க்குக் கொடுத்த சீட்டைப் பார்த்து வாங்கக் கூடாது. காய்ச்சல் என்று நாமாக பாராசிட்டமால், இபுப்ரோஃபென் கொடுப்பது கூடவே கூடாது. நாய்க்கு அவை விஷம், தட்டணு குறைந்த நாய்க்கு இபுப்ரோஃபென் ரத்தப் போக்கையும் கூட்டும்.

செய்தித்தாளில் மனிதர்களுக்கு வரும் உண்ணிக் காய்ச்சல் என்று படித்துவிட்டு நாயைத் தெருவில் விடுபவர்கள் இருக்கிறார்கள். அந்தச் செய்திகளில் வருவது பெரும்பாலும் ஸ்க்ரப் டைஃபஸ். புதர்களில் இருக்கும் மிகச் சின்னப் பூச்சிகளின் குஞ்சுகளால் வருவது, நாய் உண்ணியால் இல்லை. உங்களையே நாய் உண்ணி கடித்து, பிறகு காய்ச்சலோ தடிப்போ வந்தால் மருத்துவரிடம் உண்ணி கடித்ததைச் சொல்லுங்கள், அவர் சரியான சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பார்.

வாசல் நாய்கள்

உங்கள் நாய் சுத்தமாகிவிட்ட பிறகும் வாரம் ஓர் உண்ணி வந்துகொண்டே இருந்தால் கேட்டுக்கு வெளியே பாருங்கள். உங்கள் கார் நிழலில், படிக்கட்டு ஓரத்தில் படுக்கும் தெரு நாய்கள் மேல் உண்ணி மொய்த்திருக்கும். அவற்றிலிருந்து விழுவது காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி உள்ளே வரும். அவற்றை விரட்டினால் பக்கத்து நாய் அந்த இடத்துக்கு வரும், உண்ணியும் கூடவே வரும். தினமும் சாப்பாடு வைத்துப் பழகின நாயாக இருந்தால், எடையைக் கண்ணால் மதிப்பிட்டு, மருத்துவரைக் கேட்டு, 12 வார மாத்திரை ஒன்றைக் கறித்துண்டில் வைத்துக் கொடுக்கலாம். குட்டியாக இருந்தாலோ, பால் கொடுக்கும் நாயாக இருந்தாலோ, மெலிந்து நோயோடு இருந்தாலோ கேட்காமல் கொடுக்க வேண்டாம். மாத்திரையை விழுங்கியதை நின்று பார்த்துவிட்டு வாருங்கள். கறியை மட்டும் தின்றுவிட்டு மாத்திரையை ஓரமாகத் துப்பிவிடும் நாய்கள் உண்டு. தெருவில் இன்னும் இரண்டு மூன்று வீடு சேர்ந்தால் மாத்திரை வாங்கும் செலவைப் பங்கிட்டுக்கொள்ளலாம், எல்லா நாய்க்கும் ஒரே வாரத்தில் கொடுத்துவிடலாம்.